கடையாணியும் முட்டுக்கட்டையும்: லாரி திரும்பவும் நிற்கவும் கற்ற வரலாறு



சங்ககிரி மலைக்கோட்டையைப் பற்றி நான் எழுதிய பதிவின் கீழே, "ஐயா, கோட்டை வரலாறு நல்லா இருந்துச்சு, அப்படியே எங்க லாரித் தொழிலுக்கும் ஒரு வரலாறு எழுதுங்க" என்று நான்கைந்து பேர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கோரிக்கை. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரத்தில் முப்பத்தைந்து ஆண்டு பாடம் நடத்தியவனுக்கு லாரி என்பது ஊருக்கு வெளியே உள்ள பொருள் அல்ல. என் ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் ஓட்டுநராக, மெக்கானிக்காக, பாடி கட்டுபவராக, லைனர் அடிப்பவராக, உதிரிபாகக் கடைக்காரராகப் பத்துப் பேராவது போயிருக்கிறார்கள்.

லாரி என்றாலே எல்லோரும் இஞ்சினைப் பற்றித்தான் பேசுவார்கள். ஓடுவதற்கு இஞ்சின் போதும். ஓடுகிற வண்டி திரும்பவும் வேண்டும், நிற்கவும் வேண்டும். இந்த இரண்டையும் மனிதன் கற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆனது. பல உயிர்களும் போயின. அதைத்தான் இன்று எழுதுகிறேன். பதிவு சற்று நீளம். வண்டியை ஓரம் கட்டிவிட்டு, டீ குடிக்கும்போது படியுங்கள்.

முதலில் நம் ஊர்த் தேரிலிருந்து தொடங்குவோம்.

வைகாசி விசாகத்தில் திருச்செங்கோட்டில் தேர் இழுப்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிக்கிற ஆயிரம் பேரால் தேரை நகர்த்த முடியும்; நிறுத்த முடியாது. நிறுத்துகிறவர் சக்கரத்தோடு ஒட்டி நடந்துவரும் முட்டுக்கட்டைக்காரர். சரிவாகச் செதுக்கிய கட்டையைச் சரியான நொடியில் சக்கரத்தின் முன் வைக்கிறார். தேர் நிற்கிறது. வீதி முனையில் திருப்புவதும் அவர்தான். ஒரு பக்கத்துச் சக்கரத்துக்கு மட்டும் கட்டையைக் கோணலாக வைத்தால் அந்தப் பக்கம் தயங்கும், மறுபக்கம் முன்னேறும், தேர் மூக்கைத் திருப்பும். ஸ்டியரிங்கும் பிரேக்கும் ஒரே மனிதனின் கையில் இருந்த காலம் அது. "வேலைக்கு முட்டுக்கட்டை போடாதே" என்று நாம் திட்டுகிறோமே, அந்தச் சொல்லே இங்கிருந்து வந்ததுதான். உண்மையில் முட்டுக்கட்டை இல்லாத தேரோட்டம் ஒரு வீதியைக்கூடத் தாண்டாது.

அந்த வேலையின் ஆபத்தையும் பார்த்திருப்பீர்கள். உருளும் சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கை இருக்கும். பிற்காலத்தில் திருவாரூர் ஆழித்தேர் போன்ற பெரிய தேர்களுக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து பொருத்தியது. அப்போதும் கட்டைக்காரர்களின் வேலை போகவில்லை. பிரேக்கும் இருக்கட்டும், கட்டையும் இருக்கட்டும் என்று நம் பெரியவர்கள் வைத்துக்கொண்டார்கள். இந்தப் புத்தியை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொரு பொருள் கடையாணி. மாட்டுவண்டியின் அச்சு நுனியில் செருகும் சிறு இரும்பு ஆணி. அது கழன்றால் சக்கரம் தனியே ஓடும், வண்டி குடை சாயும். பெரிய தேருக்குச் சிறிய அச்சாணி எப்படியோ, அப்படிப்பட்டவர்களும் உலகில் உண்டு, உருவத்தைப் பார்த்து இகழாதே என்று வள்ளுவர் சொன்னதை உங்களுக்கு வகுப்பில் நடத்தியிருக்கிறேன். இதையும் மனதில் வையுங்கள்.

இனி, திரும்புகிற கதை.

இரண்டு சக்கர மாட்டுவண்டிக்குத் திரும்புவதில் சிக்கல் இல்லை. மாடு திரும்பினால் வண்டி திரும்பும். ஐரோப்பாவின் நான்கு சக்கரக் குதிரை வண்டிகளுக்குத்தான் தொல்லை. முன் அச்சு முழுவதும் நடுவில் ஒரே ஆணியில் சுழலும். கொஞ்சம் கூடுதலாகத் திருப்பினால் சக்கரம் வண்டிக்கு அடியில் போய்விடும், வண்டி கவிழும். நோயாளிகளைப் பார்க்க ஓயாமல் வண்டியில் அலைந்த இங்கிலாந்து மருத்துவர் ஒருவர் 18-ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு ஒரு மாற்று வடிவம் யோசித்தார். அவர் எராஸ்மஸ் டார்வின். பரிணாமக் கொள்கை தந்த சார்லஸ் டார்வினின் தாத்தா. ஆனால் அவர் யோசனை பரவவில்லை.

பிறகு ஜெர்மனியின் மியூனிக் நகரத்து வண்டி செய்பவர் கியார்க் லாங்கென்ஸ்பெர்கர் அதே வழியில் ஒரு முன் அச்சை உருவாக்கினார். அவருக்காக லண்டனில் 1818-இல் காப்புரிமை பதிந்தவர் ருடால்ஃப் ஆக்கர்மன். உழைத்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் இன்னொருவர். இன்றும் உலகம் முழுக்க அதற்கு ஆக்கர்மன் ஸ்டியரிங் என்றே பெயர்.

அதன் சூட்சுமம் இதுதான். அச்சு அசையாது. இரண்டு முனைகளிலும் சக்கரம் மட்டும் தனித்தனி ஆணியில் திரும்பும். இன்று நீங்கள் கிங் பின் என்று சொல்வது அதைத்தான். இரு சக்கரங்களையும் ஒரு கம்பி இணைக்கும். அதுதான் டை ராடு. இரண்டு சக்கரமும் ஒரே அளவு திரும்பினால் போதாது. பள்ளி டிரில் வகுப்பில் வரிசையாக நடந்து வளையும்போது உள்பக்கத்துப் பையன் சிறு வட்டத்திலும் வெளிப்பக்கத்துப் பையன் பெரிய வட்டத்திலும் நடப்பான் அல்லவா? சக்கரமும் அப்படியே. உள்பக்கச் சக்கரம் கூடுதலாகத் திரும்ப வேண்டும். டை ராடு பிடித்திருக்கும் கைகளைச் சற்றே சாய்வாக அமைத்ததால் அது தானாக நடக்கிறது.

கார்ல் பென்ஸ் 1886-இல் செய்த முதல் மோட்டார் வண்டிக்கு மூன்றே சக்கரம். நான்கு சக்கரத்தைத் திருப்பும் வழி அவருக்கு அப்போது கைகூடவில்லை. 1893-இல் இரண்டு ஆணிகளில் திரும்பும் முன் அச்சுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகே அவர் நான்கு சக்கரத்துக்கு வந்தார். இன்றைக்கு நீங்கள் டிராக் லிங்க், டை ராடு, பால் ஜாயின்ட் என்று கழற்றி மாட்டுகிற அத்தனையும் அந்தப் பரம்பரைதான். கூடியது பவர் ஸ்டியரிங் ஒன்று. ஆனால் அந்த பவர் எவ்வளவு இருந்தாலும், அது சக்கரத்துக்குப் போய்ச் சேருவது அதே கம்பிகள் வழியாகத்தான்.

அடுத்து, நிற்கிற கதை.

மாட்டுவண்டியில் இறக்கத்துக்குச் சக்கரப் பட்டையில் கட்டை உரசும். இங்கிலாந்தின் மலைப்பக்கத்து வண்டிக்காரர்கள் அந்தக் கட்டையில் பழைய பூட்ஸைச் செருகி வைத்ததைப் பார்த்த ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், நன்றாகப் பிடிக்கிற பிரேக் பொருள் செய்யும் தொழிலை 1897-இல் தொடங்கினார். ஃபெரோடோ என்ற பெயர் உதிரிபாகக் கடைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். அதுதான் இது. 1902-இல் லூயி ரெனோ டிரம் பிரேக்கைக் கொண்டுவந்தார். ஷூ, லைனர், டிரம் என்று நம் பட்டறையில் புழங்குவது அந்த வழி.

ஆனால் கனரக வண்டியின் பிரேக் வந்தது ரயிலிலிருந்து. அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல், தன் 22-ஆம் வயதில், காற்றழுத்தத்தால் பிடிக்கும் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். இஞ்சினில் இருந்து குழாய் வழியே காற்றை அனுப்பினால் எல்லாப் பெட்டியிலும் பிரேக் பிடிக்கும். அருமையான வேலை. ஆனால் ஒரு குறை. குழாய் அறுந்தால் காற்று போய்விடும், பிரேக்கும் போய்விடும். அதை அவரே உணர்ந்து 1872-இல் தலைகீழாக மாற்றினார். குழாயில் காற்று இருக்கும்வரை பிரேக் விட்டிருக்கும். காற்று போனால் தானே பிடித்துக்கொள்ளும்.

இந்த வித்தியாசத்தின் விலை என்ன என்று ஓர் ஊர் உலகுக்குக் காட்டியது. அயர்லாந்தின் ஆர்மா. 1889 ஜூன் 12. ஞாயிறு வேதப்பள்ளிப் பிள்ளைகளும் பெற்றோரும் கடற்கரைக்குச் சுற்றுலா புறப்பட்ட ரயில். ஏற்றத்தில் இஞ்சினால் இழுக்க முடியவில்லை. பாதிப் பெட்டிகளை முதலில் இழுத்துப்போய் விட்டுவந்து மீதியை எடுக்கலாம் என்று ரயிலை இரண்டாகப் பிரித்தார்கள். அந்த ரயிலில் இருந்தது தானாகப் பிடிக்காத வகை பிரேக். பிரித்தவுடன் பின்பாதிக்கு அது இல்லாமல் போயிற்று. கடைசிப் பெட்டியின் கை பிரேக்கையும் சக்கரத்தின் கீழ் வைத்த கற்களையும் நம்பி விட்டார்கள். முன்பாதி கிளம்பும்போது சற்றே பின்னால் வந்து இடித்தது. கற்கள் நொறுங்கின. பெட்டிகள் சரிவில் உருண்டு, பின்னால் வந்துகொண்டிருந்த ரயிலில் மோதின. ஏறத்தாழ 80 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் பிள்ளைகள்.

பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப்போய்ப் பழகிய என்னால் இந்த வரலாற்றைச் சாதாரணமாகப் படிக்க முடிவதில்லை. தானாகப் பிடிக்கும் பிரேக் அதற்கு 17 ஆண்டு முன்பே கண்டுபிடிக்கப்பட்டு விட்டது. செலவு என்று தள்ளிப்போட்டார்கள். விபத்து நடந்த அதே ஆண்டில் பிரிட்டனில் சட்டம் வந்தது: பயணிகள் ரயிலுக்குத் தானியங்கி பிரேக் கட்டாயம்.

லாரியும் அதே பாதையில்தான் வந்தது. ஆரம்பத்தில் லாரியின் காற்று பிரேக் வெஸ்டிங்ஹவுஸின் முதல் வகை போல. காற்று போனால் பிரேக் போச்சு. பிறகு ஸ்பிரிங் பிரேக் வந்தது. பின் சக்கரத்தின் பிரேக் சேம்பருக்குள் கனத்த ஸ்பிரிங் ஒன்றை அடைத்து, அதைக் காற்றால் அமுக்கி வைத்தார்கள். காற்று இறங்கினால் ஸ்பிரிங் விரிந்து பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்து "ஏர் ஏறட்டும்" என்று நீங்கள் காத்திருக்கிறீர்களே, அந்தச் சில நிமிடத்துக்குப் பின்னால் ஆர்மாவின் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இதில் நம் மாநிலத்தின் பங்கு பெரிது. சென்னை எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, 1955-இல் அசோக் லேலண்டு ஆனது. வண்டி வந்ததும் பாகம் செய்யும் தொழிலும் வந்தது. பாடியில் பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம் கிளேட்டனும் 1962-இல் தோன்றின. முன்னதற்கு ஹைட்ராலிக் பிரேக், பின்னதற்குக் காற்று பிரேக். 1929-இல் சென்னையில் தொடங்கிய ரானே குழுமம் பின்னாளில் ஸ்டியரிங் பாகங்களும் பிரேக் லைனரும் செய்யும் தொழிற்சாலைகளை நடத்தியது. தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசை இந்தியாவில் முதன்முதலில் வாங்கியது, 1998-இல், சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு. இது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி.

ஆனால் தொழிற்சாலையில் எவ்வளவு தரமாகச் செய்தாலும், அதைக் கழற்றி மாட்டுவது சாலையோரப் பட்டறையில். இந்தப் பதிவை நான் எழுத உண்மையான காரணம் இதுதான்.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திப் பட்டறைக்குப் போன என் மாணவன் ஒருவன். பெயர் வேண்டாம். 19 வயதில், அவன் வேலை பார்த்த இடத்தில், ஸ்பிரிங் பிரேக் சேம்பரின் பட்டையை "சும்மா கழற்று" என்று சொன்னார்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கைப் பற்றி யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. மூடி பறந்தது. இடது கண் போயிற்று. இன்று அவனுக்குச் சொந்தப் பட்டறை இருக்கிறது, வேலை பழகும் பையன்கள் இருக்கிறார்கள். அவன் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதையே கேட்டு, என் நடையில் கீழே எழுதுகிறேன். வாத்தியார் மெக்கானிக் ஆகிவிட்டார் என்று சிரிக்காதீர்கள். சொன்னது உங்கள் தோழன்தான்.

ஸ்பிரிங் சேம்பருக்குள் ஏறக்குறைய முக்கால் டன், ஒரு டன் அளவு விசை அடைபட்டுக் கிடக்கிறது. வண்டி நின்றாலும், காற்று இறங்கினாலும், சேம்பரைக் கழற்றிக் கீழே போட்டாலும் அந்த விசை போகாது. ஆகவே ஸ்பிரிங் பக்கத்துப் பட்டையை ஒருபோதும் பிரிக்காதீர்கள். கழற்றும் முன் அதற்கென்று உள்ள போல்ட்டைப் பின் துளையில் நுழைத்துத் திருப்பி மாட்டி, நட்டைக் கையால் ஸ்பானர் போட்டு முறுக்கி, ஸ்பிரிங்கைக் கட்டிப்போட வேண்டும். ஏர் கன் கூடாது. சேம்பர் துருப்பிடித்தோ விரிசல் விட்டோ இருந்தால் அதன் நேர் பின்னால் நிற்கவே கூடாது. விஷயம் தெரிந்த இடத்துக்கு விட வேண்டும். பழைய சேம்பரைக் கட்டாமல் காயலான் கடையில் போட்டால், அங்கே அதை உடைக்கிறவரின் உயிருக்கு நீங்கள் பொறுப்பு.

ஸ்பிரிங்கைக் கட்டிவிட்டால் அந்தச் சக்கரத்துக்கு ஹேண்ட் பிரேக் கிடையாது. வண்டியைப் பிடித்திருப்பது சக்கரத்துக்கு முன்னும் பின்னும் வைத்த கட்டை மட்டுமே. தேரடிக்கே திரும்பி வந்துவிட்டோம் பாருங்கள்! அதனால் சமதரையில் நிறுத்தி, வேலை செய்யாத சக்கரங்களுக்கு இருபுறமும் நல்ல கட்டை வைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பிறகு தொடங்குங்கள். கல்லை வைக்காதீர்கள். ஆர்மாவில் கல்தான் வைத்தார்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்; தாங்குவதற்கு ஸ்டாண்டு. ஜாக்கியை நம்பி அடியில் படுக்கக் கூடாது.

லைனர் மாற்றினால் ஒரே அச்சின் இரு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் தேய்ந்தது என்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஸ்லாக் அட்ஜஸ்டரைச் சரி பார்க்காமல் விடாதீர்கள். தொப்பூர் கணவாயில் நடப்பதை யோசியுங்கள். பாரத்தோடு இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் கொதித்து விரிந்து ஷூவை விட்டு விலகும். சேம்பரின் தண்டு இன்னும் நீள வேண்டும். முன்பே நீளம் கூடியிருந்தால், நீள இடமே இருக்காது. சமவெளியில் பிடித்த பிரேக் இறக்கத்தில் கைவிடுவது இதனால்தான். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறவர்களுக்கு இஞ்சினின் துணையும் போய், முழுச் சுமையும் அந்த லைனர் மேல் விழுகிறது. எப்போதும் மேட்டில் ஏறிய கியரை மறக்காமல், கீழ் கியரில் இறங்குங்கள்.

பிரேக் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள். பழைய லைனர்களில் கல்நார் இருந்தது. அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரும். வருவதற்கு இருபது, முப்பது ஆண்டுகள்கூட ஆகும். வாலிபத்தில் ஊதிய தூசி பேரன் எடுக்கும் வயதில் வந்து நிற்கும். பிரிட்டன் 1999-இல் கல்நாரை முற்றிலும் தடை செய்தது. இப்போது கல்நார் இல்லாத லைனர் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். எதுவானாலும் ஈரத்துணியால் துடையுங்கள், மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்டியரிங் வேலைக்கு வருவோம். டை ராடு எண்டைக் கழற்றும் முன் நீளத்தை அளந்து, எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணி எழுதி வையுங்கள். புதியதை அதே அளவுக்கு ஏற்றுங்கள்; மரை போதிய அளவு உள்ளே ஏறியிருக்க வேண்டும். கூம்பாக உட்காரும் இடத்தைத் துடைத்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் மாட்டுங்கள். நட்டைக் கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் கொண்டு முறுக்குங்கள். பின் துளை நேராக வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் முறுக்கித்தான் நேராக்க வேண்டும். தளர்த்தி நேராக்கக் கூடாது. வளைந்த ராடைச் சூடாக்கி நிமிர்த்துவதும், விரிசலுக்கு வெல்டு வைப்பதும் வேண்டவே வேண்டாம். நிமிர்ந்தது போலத் தெரியும். உள்ளே இரும்பு பலம் இழந்திருக்கும். வேலை முடிந்ததும் இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, டோ அளவு சரிசெய்து, காற்று இணைப்புகளுக்குச் சோப்பு நுரை போட்டுப் பார்த்து, பட்டறைக்குள் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்த்த பிறகே சாலைக்கு விடுங்கள்.

கடைசியாக ஸ்பிலிட் பின். நம் பழைய மாணவர் குழுவில் ஒருவர் படம் போட்டிருந்தார். டிராக் லிங்க் நட்டில் ஸ்பிலிட் பின்னுக்குப் பதில் கட்டுக்கம்பியை முறுக்கி, "இதோடவே நாக்பூர் போயிட்டு வந்தாச்சு" என்று எழுதியிருந்தார். அதற்கு நாற்பது பேர் சிரிப்புப் படம் போட்டிருந்தீர்கள். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை, நல்ல உழைப்பாளி. ஆனால் அந்த நட்டு கழன்றிருந்தால் அவர் கையில் இருந்தது வெறும் வளையம். எதிரே வந்த பேருந்தில் யார் வீட்டுப் பிள்ளை இருந்திருக்குமோ. ஸ்பிலிட் பின்தான் லாரியின் கடையாணி. ஒரு டீ விலை கூட இல்லை. ஒருமுறை கழற்றியதை நிமிர்த்தித் திரும்பப் போடக் கூடாது. ஒவ்வொரு முறையும் புதிது, சரியான தடிமன், இரு காலையும் மடக்கி.

உரிமையாளர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "இந்த டிரிப் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று பட்டறைக்காரரை அவசரப்படுத்துவது பெரும்பாலும் நீங்கள்தான். ஒரு நாள் வாடகை போகும், தவணை நிற்கும் என்ற கஷ்டம் எனக்குத் தெரியும். ஆர்மாவிலும் 17 ஆண்டுகள் அப்படித்தான் தள்ளிப்போட்டார்கள். பாகம் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொன்னால், அன்றே மாற்றச் சொல்லுங்கள். வேலை பழகும் பையனை மிரட்டி வேலை வாங்காமல், அந்தச் சேம்பருக்குள் என்ன இருக்கிறது என்று முதல் நாளே சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள்.

இதில் தொழில்முறைத் தவறு எதுவும் கண்டால், பட்டறைத் தம்பிகள் கீழே எழுதுங்கள், நானும் கற்றுக்கொள்கிறேன். உங்களிடம் வேலை பழகும் பையன்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாத பிள்ளை யாராவது இருந்தால் சொல்லி அனுப்புங்கள். சாயந்திரம் வீட்டில் சும்மாதான் இருக்கிறேன், எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன்.

அடுத்த பதிவில் காவிரி ஓடத்துறைகளைப் பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன்.

எல்லோரும் பத்திரமாகப் போய் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்